நங்கூரத்தில் கிடக்கும் நாட்கள்: மத்தியதரைக் கடல் படகு வாழ்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் மனைவியும் கடந்த ஆறு கோடைகளை 38 அடி நீளப் பாய்மரப் படகு ஒன்றில் கழித்திருக்கிறோம். பெரும்பாலும் கிரேக்கத்தின் அயோனியன், ஏஜியன் கடல்கள். இரண்டு தடவை துருக்கியின் தென்மேற்குக் கரை. புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் உறவுக்காரர்கள் கேட்பதும், படகு வாங்கலாமா என்று யோசிக்கும் நண்பர்கள் எழுதிக் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அத்தை முதன்முதலில் கேட்டது இது: "அதெல்லாம் சரிடா, ராத்திரி படகை எங்க கட்டுவீங்க?"

அதுதான் கேட்கவேண்டிய கேள்வி. ஒரு நாளில் பாய் விரித்து ஓடுவது நான்கைந்து மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் ஏதாவது ஒரு குடாவில் நங்கூரத்தில்தான் கிடக்கிறோம். அதனால் இங்கே பயணத்தை விட்டுவிட்டேன். நின்ற இடத்து வாழ்க்கையை மட்டும் எழுதுகிறேன்.

துறைமுகத்தில் கட்டாமல் குடாவில் ஏன் நங்கூரம் போட வேண்டும்?

முதல் காரணம் காசு. ஐரோப்பாவில் மரினா என்றால் கடற்கரை இல்லை, படகுகளை வாடகைக்குக் கட்டிவைக்கிற துறை. ஆகஸ்டில் பெயர்போன இடங்களில் எங்கள் அளவுப் படகுக்கு ஓர் இரவு வாடகை 100 யூரோவைத் தாண்டிவிடும். குடாவில் நங்கூரம் போட பெரும்பாலான இடங்களில் கட்டணமே இல்லை.

ஆனால் காசு மிச்சமாகாவிட்டாலும் நாங்கள் நங்கூரத்தில்தான் இருப்போம். காரணம் காற்று. நங்கூரம் படகின் முன்முனையில் கட்டியிருப்பதால் படகு எப்போதும் காற்றைப் பார்த்தே திரும்பி நிற்கும். முன்பக்கத்துக் கூரைக் கதவைத் திறந்து வைத்தால் போதும், காற்று நேராக உள்ளே நுழைந்து பின்வழியாகப் போய்விடும். வெளியே 35 டிகிரி வெயில் அடித்தாலும் படுக்கையில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். மரினாவில் படகைத் திருப்ப முடியாது. சிமென்ட் தரை நள்ளிரவு வரை சூட்டைக் கக்கும், கொசுவும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்று, இந்தக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு. பிரான்சின் சான்-மாலோவில் நீர்மட்டம் 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். இங்கே பெரும்பாலான இடங்களில் அரை மீட்டர்கூட இல்லை. வெனிஸ் பக்கமும் துனிசியாவின் காபெஸ் வளைகுடாவும் விதிவிலக்கு. மாலையில் 4 மீட்டர் ஆழத்தில் போட்ட நங்கூரம் காலையிலும் 4 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கும். நங்கூர வாழ்க்கைக்கு இதைவிடத் தோதான கடல் அமைவது அரிது.

நங்கூரத்தின் கனம்தான் படகைப் பிடித்து வைக்கிறதா?

இல்லை. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம், நானும் நினைத்திருந்தேன். எங்கள் படகு 7 டன். நங்கூரம் 20 கிலோ. வெறும் கனத்தால் அது ஒன்றையும் பிடித்து நிறுத்த முடியாது. அது மணலுக்குள் புதைவதால்தான் பிடிக்கிறது. ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1933இல் கலப்பை வடிவ நங்கூரம் ஒன்றை வடிவமைத்தார். கலப்பைக் கொழு மண்ணில் இறங்குவதுபோல அது இழுக்க இழுக்கக் கீழே இறங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இன்றைய நங்கூரங்கள் மண்வெட்டி மாதிரி குழிந்தவை, அதைவிட வேகமாகப் புதைபவை. அடிப்படை மட்டும் மாறவில்லை.

புதைய வேண்டுமானால் இழுப்பு தரையோடு தரையாக வரவேண்டும். மேல்நோக்கி இழுத்தால் நங்கூரம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சங்கிலியை நீளமாக விடுவது அதற்காகத்தான். கணக்கு இப்படி: ஆழம் 6 மீட்டர், படகின் முன்முனை நீரிலிருந்து 1 மீட்டர் உயரம், மொத்தம் 7. அதைப்போல ஐந்து மடங்கு, அதாவது 35 மீட்டர் சங்கிலி. காற்று வரும் என்று தெரிந்தால் ஏழு மடங்கு, 49 மீட்டர். முன்முனையின் உயரத்தைச் சேர்க்க மறப்பவர்கள் நிறையப் பேர். 3 மீட்டர் ஆழத்தில் அந்த 1 மீட்டர் பெரிய வித்தியாசம்.

போடும் முறை: காற்றுக்கு எதிராக மெல்ல வந்து படகை நிறுத்தி, நங்கூரத்தைத் தரை தொட இறக்குவோம். படகு காற்றில் பின்னால் நகர நகரச் சங்கிலியை விடுவோம். ஒரே குவியலாகக் கொட்டக் கூடாது. எல்லாம் போனபின் இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அரை நிமிடம் இழுத்துப் பிடிப்போம். அப்போது கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும் இரண்டு பொருள்களைப் பார்ப்பேன். ஒரு சைப்ரஸ் மரம், அதற்குப் பின்னால் ஒரு வீட்டின் மூலை. இரண்டும் விலகாமல் நின்றால் நங்கூரம் பிடித்துவிட்டது. விலகினால் தூக்கி மறுபடி போட வேண்டும். ஐந்து முறை தூக்கிப் போட்ட நாளும் உண்டு. கரையில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்கட்டும். ஐந்தாவது முறை பிடித்தது, அன்றைக்கு நன்றாகத் தூங்கினோம்.

கடைசியாக நீர்க்கண்ணாடி மாட்டிக்கொண்டு நீந்திப்போய் நங்கூரத்தைக் கண்ணால் பார்ப்போம். இந்தக் கடலில் 10 மீட்டர் ஆழம்வரை தரை தெளிவாகத் தெரியும். நங்கூரம் முழுக்கப் புதைந்து, தண்டு மட்டும் லேசாகத் தெரிந்தால் மனசு நிறைந்துவிடும்.

அப்படியானால் பயமில்லாமல் தூங்கலாமா?

பெரும்பாலான இரவுகளில் தூங்கலாம். ஓர் இரவைச் சொல்கிறேன்.

இரண்டாவது கோடை, ஏஜியனில் செரிஃபோஸ் தீவின் லிவாதி குடா. மேலே மலையுச்சியில் வெள்ளை வெளேரென்று ஊர், கீழே துறை. வழியில் நேரமாகிவிட்டது, இருட்டும் நேரத்தில்தான் உள்ளே வந்தோம். வெளிச்சம் இருந்தால் தண்ணீரின் நிறமே தரையைச் சொல்லிவிடும். வெளிறிய பச்சை என்றால் மணல், கருநீலத் திட்டு என்றால் புல். அந்நேரத்தில் எல்லாம் ஒரே கறுப்பு. ஏதோ ஓரிடத்தில் போட்டோம். இன்ஜினில் இழுத்தபோது பிடித்த மாதிரிதான் இருந்தது.

இரவு இரண்டரை மணிக்கு மலையிலிருந்து காற்று இறங்கியது. கைபேசியில் வைத்திருந்த நங்கூர எச்சரிக்கை அலறியது. வெளியே ஓடிவந்து பார்த்தால் படகு 40 மீட்டர் பின்னால் போயிருந்தது. பின்னாலிருந்த படகின் விளக்கு, படுக்கப் போகும்போது தூரத்தில் இருந்தது, இப்போது கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. மனைவி முன்னால் சங்கிலியைத் தூக்க, நான் சுக்கானைப் பிடித்தேன். நங்கூரம் மேலே வந்தபோது அதன்மேல் ஒரு மூட்டை அளவுக்குப் புல்லும் வேரும். நங்கூரம் மணலைத் தொடவே இல்லை, புல்வேரில் மாட்டிக்கொண்டிருந்தது அவ்வளவுதான். இன்னொரு இடம் தேடிப் போட்டு, விடியும்வரை மாற்றி மாற்றிக் காவல் இருந்தோம்.

அன்றிலிருந்து மதியம் இரண்டு மணிக்குள் நங்கூரம் போடுவது எங்கள் வீட்டுச் சட்டம். சூரியன் உயரத்தில் இருக்கும், தரை தெரியும், இடமும் கிடைக்கும். சரியில்லை என்றால் அடுத்த குடாவுக்குப் போக நேரமும் இருக்கும்.

அங்கே எந்தக் காற்றுக்குப் பயப்பட வேண்டும்?

நம்மிடம் வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. அதேபோல் இந்தக் கடலின் மக்களும் ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். பிரான்சின் தெற்கில் ரோன் பள்ளத்தாக்கு வழியே இறங்குவது மிஸ்ட்ரல். குரோஷியாவில் மலை தாண்டி விழுவது போரா. ஆப்பிரிக்காவிலிருந்து வருவது சிரோக்கோ. இது சகாரா தூசியைச் சுமந்துவரும். அதோடு மழையும் சேர்ந்தால் படகு முழுக்கச் செம்மண் பூசிவிட்டுப் போகும்.

எங்களுக்கு நெருக்கமானது மெல்டெமி. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து வீசுவது. 25, 30 நாட் வேகத்தில் (1 நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) மூன்று நாள், ஐந்து நாள் விடாமல் அடிக்கும். வானத்தில் ஒரு மேகம் இருக்காது. இந்தக் காற்றின் வேர் நம் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட நாளை மறக்க மாட்டேன். கோடையில் இந்தியாவின் மேல் உருவாகும் பருவமழைத் தாழ்வழுத்தம் மேற்கே ஈரான் வழியாகத் துருக்கி வரை நாக்கை நீட்டுகிறது. பால்கன் பக்கம் உயர் அழுத்தம். இரண்டுக்கும் நடுவில் ஏஜியன் ஒரு வாய்க்கால் மாதிரி. கேரளத்தில் மழை கொட்டவைக்கும் அதே அமைப்பின் மறுமுனைதான் இங்கே எங்கள் சங்கிலியை இழுக்கிறது.

வடக்குக் காற்று என்றால் தீவின் தெற்கே ஒதுங்கினால் போதும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். பாதி சரி. அலை இருக்காது. ஆனால் தீவில் உயர்ந்த மலை இருந்தால் காற்று அதன்மேல் ஏறி மறுபக்கம் வேகம் கூடி விழும். திறந்த கடலில் 25 நாட் இருக்கும்போது மலையடிவாரக் குடாவில் 40 நாட் வீச்சு வருவதுண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகின்மேல் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். தாழ்வான நிலம் சூழ்ந்த குடா கிடைத்தால் மலையடிவாரத்தை விட்டுவிட்டு அங்கே போங்கள்.

பெரிய புயல் வராதா?

வரும். 2020 செப்டம்பரில் இயானோஸ் என்ற புயல் கெஃபலோனியா, இதாகா, ஜாகிந்தோஸ் தீவுகளைத் தாக்கியது. நம் ஊர்ப் புயல்போலச் சுழலும் இத்தகைய மத்தியதரைப் புயல்களை மெடிகேன் என்கிறார்கள். அது வருவது முன்கூட்டியே தெரிந்தது, பலர் படகைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

பயப்படவேண்டியது முன்னறிவிப்பில்லாமல் வரும் இடிப்புயல்களுக்கு. 2022 ஆகஸ்ட் 18 காலையில் கோர்சிகா தீவில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் காற்று பதிவானது. நங்கூரத்தில் இருந்த எத்தனையோ படகுகள் கரையில் தூக்கி எறியப்பட்டன. 2024 ஆகஸ்ட் 19 அதிகாலையில் சிசிலியின் போர்டிசெல்லோ அருகே நங்கூரமிட்டிருந்த 56 மீட்டர் நீளப் பெரிய பாய்மரப் படகான பேசியன் நிமிடங்களில் மூழ்கி, அதிலிருந்த 22 பேரில் 7 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் குடாவில் இருந்த யாரும் வேறெதுவும் பேசவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் கடல்நீர் நன்றாகச் சூடேறியிருக்கும். அப்போது மேலே குளிர்ந்த காற்று வந்தால் இந்த மாதிரி நடக்கும். அந்தக் காலத்தில் மின்னல் எச்சரிக்கை இருந்தால் நாங்கள் கூரைக் கதவுகளை எல்லாம் மூடி, மேல்தளத்தில் உள்ளதைக் கட்டிவைத்து, சங்கிலியை நீட்டி, இன்ஜின் சாவியை அதன் இடத்தில் மாட்டிவிட்டுத்தான் படுப்போம். நான்கு பக்கமும் கரை சூழ்ந்த, சேற்றுத் தரை உள்ள குடாவாகப் பார்த்துப் போவோம். சேறு நங்கூரத்தை மணலைவிட அழுக்காக்கும், ஆனால் விடாது.

கடலடிப் புல்மேல் நங்கூரம் போடக் கூடாது என்கிறார்களே, ஏன்?

இதைத்தான் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பேன்.

அந்தக் கடலடிப் புல்லின் பெயர் பொசிடோனியா ஓசியானிகா. அது பாசி அல்ல. வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் உள்ள செடி. நிலத்திலிருந்து பழைய காலத்தில் கடலுக்குத் திரும்பிப்போன குலம். மத்தியதரைக் கடலைத் தவிர உலகில் வேறெங்கும் இது வளர்வதில்லை. இலைகள் ஒரு மீட்டர் வரை நீளும். 40 மீட்டர் ஆழம்வரை புல்வெளியாகப் பரவியிருக்கும். மீன் குஞ்சுகளுக்கு அதுதான் தொட்டில். கரை மணல் அரிக்காமல் காப்பதும் அதுதான். ஸ்பெயினின் ஃபோர்மென்டெரா தீவருகே 8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே செடியின் கிளைகளாகப் பரவிய புல்வெளி இருக்கிறது. அதன் வயது இலட்சம் ஆண்டு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

இது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் நகர்ந்து வளரும். ஒரு நங்கூரம் ஒரு நிமிடத்தில் பிடுங்கிய இடம் மறுபடி மூடப் பல பத்தாண்டுகள் ஆகும். செரிஃபோஸில் அன்றிரவு மேலே வந்த அந்த மூட்டையை நான் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். வேர்க்கட்டை விரல் தடிமன், நார் நாராக. அதைத் தண்ணீரில் தள்ளிவிட்டபோது எங்கள் படகின் பாதுகாப்பு மட்டும்தான் மனசில் இருந்தது. என்ன செய்தோம் என்பது அதைப்பற்றிப் படித்த பிறகுதான் உறைத்தது.

ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் 2018 ஆணையின்படி இதன்மேல் நங்கூரம் போடுவதே குற்றம், காவல் படகுகள் வந்து பார்க்கும். பிரான்சில் 24 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்குப் புல்வெளிப் பகுதிகளில் தடை இருக்கிறது. புல் எங்கே, மணல் எங்கே என்று காட்டும் டோனியா என்ற செயலியைக் கைபேசியில் வைத்துக்கொள்ளலாம். சட்டம் இல்லாத இடத்திலும் வெளிறிய மணல் திட்டைத் தேடிப் போடுங்கள். புல்லில் நங்கூரம் சரியாகப் பிடிக்காது என்பதால் இது உங்கள் தூக்கத்துக்கும் நல்லது.

படகு ஆடிக்கொண்டே இருக்குமே, தலை சுற்றாதா?

காற்று தரும் ஆட்டம் தொல்லை இல்லை, படகு அதை முகம்கொடுத்து வாங்கிக்கொள்ளும். தொல்லை, எங்கோ தூரத்தில் அடித்த காற்றின் நீண்ட அலை நிலமுனையைச் சுற்றி வளைந்து குடாவுக்குள் வருவது. மாலையில் காற்று விழுந்ததும் படகு தன் போக்கில் திரும்பி அந்த அலைக்குப் பக்கவாட்டில் நிற்கும். அப்போது தொட்டில் ஆட்டம் தொடங்கும். அலமாரியில் ஒரு கண்ணாடிக் குவளை இரவெல்லாம் டக் டக் என்று தட்டும், எழுந்துபோய் எது என்று தேடவேண்டும். பின்பக்கம் சிறிய இரண்டாவது நங்கூரம் போட்டு, படகின் மூக்கை அலையைப் பார்க்கத் திருப்பினால் அடங்கும். நாலு நாளில் உடம்பு பழகிவிடும். கரையில் இறங்கினால் தரை ஆடுவதுபோல இருக்கும், அதுவும் போய்விடும்.

சில படகுகள் பின்பக்கத்தைக் கரை மரத்தில் கட்டி நிற்பதைப் படத்தில் பார்த்தேன். அது என்ன?

துருக்கியிலும் அயோனியன் பக்கமும் பல குடாக்கள் கரையோரமே சடாரென்று ஆழமாகிவிடும். சுற்றிச் சுழல இடம் இருக்காது. அதனால் முன்னால் நங்கூரத்தை 12, 15 மீட்டர் ஆழத்தில் போட்டுவிட்டு, பின்னோக்கி வந்து, ஒருவர் கயிற்றோடு நீந்திப்போய்ப் பாறையில் கட்டுவார். மரத்தில் கட்டாதீர்கள். கயிறு பட்டையை அறுக்கும், பைன் மரம் காய்ந்துவிடும். துருக்கியின் கோஜெக் பக்கம் பல குடாக்களில் இதற்கென்றே கரையில் தூண்கள் நட்டிருக்கிறார்கள். பாறையில் கட்டும்போது காலில் செருப்பு இருக்கட்டும், கடல் முள்ளெலிகள் அங்கேதான் இருக்கும்.

தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் என்ன செய்கிறீர்கள்?

எங்கள் தொட்டி 350 லிட்டர். இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 28 லிட்டர் அளவு, ஆகவே பன்னிரண்டு நாள் ஓடும். பாத்திரத்தை முதலில் கடல்நீரில் தேய்த்துவிட்டு, நல்ல தண்ணீரில் ஒரு அலசு. குளியல் கடலில், பிறகு ஒரு சொம்பு நல்ல தண்ணீர். இந்தக் கடல் அட்லாண்டிக்கைவிட உப்பு அதிகம், லிட்டருக்கு 38 கிராம் அளவு. அலசாமல் விட்டால் தோல் பிசுபிசுக்கும், படுக்கையும் ஈரம் உறிஞ்சிக்கொள்ளும். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி பொருத்தியவர்கள் நிறைய. விலையும் பராமரிப்பும் அதிகம் என்பதால் நாங்கள் வாங்கவில்லை.

மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து, 400 வாட். அதிகம் தின்பது குளிர்பெட்டிதான். வெயிலுக்குக் குறைவில்லாத கடல் என்பதால் இன்ஜினை மின்சாரத்துக்காக ஓட்டிய நாட்கள் மிகக் குறைவு. இரவில் பாய்மரத்தின் உச்சியில் நான்கு திசையும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு எரியவேண்டும், பகலில் முன்பக்கம் ஒரு கறுப்புப் பந்து தொங்கவேண்டும். நங்கூரத்தில் இருக்கும் படகுக்குச் சர்வதேசக் கடல் விதி சொல்லும் அடையாளங்கள் இவை. பந்தைப் பலர் தொங்கவிடுவதில்லை. நீங்கள் தொங்கவிடுங்கள்.

சாப்பாடு? நம்ம சாப்பாடு கிடைக்குமா?

குக்கர் இல்லாமல் நான் படகில் ஏற மாட்டேன். எரிவாயு மிச்சம், தண்ணீர் மிச்சம், ஆட்டத்தில் சிந்தாது. இந்தக் கரையோரங்களில் பல ஊர்களில் மாற்றிக்கொள்ளக் கிடைக்கும் நீல நிற காம்பிங்காஸ் சிலிண்டரில் 2.75 கிலோ எரிவாயுதான் இருக்கும். சாதமும் பருப்பும் குக்கரில் வைத்தால் அது பல வாரம் வரும்.

காய்கறிக்குக் குறையே இல்லை. கத்திரிக்காய், வெண்டைக்காய், தக்காளி, பூண்டு, எலுமிச்சை எல்லாம் கிரேக்கச் சந்தையில் குவிந்திருக்கும். அவர்கள் வெண்டைக்காயைப் பாமியஸ் என்பார்கள், பிஞ்சாகவே விற்பார்கள். துருக்கியில் மைசூர்ப் பருப்பு எந்தக் கடையிலும் உண்டு. கெட்டித் தயிர் இரண்டு நாட்டிலும் நம் ஊரைவிடக் கெட்டி. கறிவேப்பிலைதான் கிடைக்காது. காயவைத்துக் கொண்டுபோவோம், வாசனை பாதிதான் இருக்கும். புளியும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கரைக்குப் போக டிங்கி என்கிற சிறு ரப்பர் படகு. அதுதான் எங்கள் சைக்கிள். காலையில் ரொட்டிக் கடைக்குத் துடுப்புப் போட்டுப் போய்வருவேன். துருக்கியில் சில குடாக்களில் கடையே படகாக வரும். பெண்கள் படகிலேயே அடுப்பு வைத்து, மாவை மெல்லிசாக விரித்துக் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து கோஸ்லமே சுட்டுத் தருவார்கள். ஆகஸ்டில் மேல்தளத்தில் சாப்பிட உட்கார்ந்தால் குளவிகள் வந்துவிடும். காப்பிப் பொடியை ஒரு தட்டில் போட்டுக் கொளுத்தி, புகையவிட்டு வைப்பார்கள். நாங்களும் அதைத்தான் செய்கிறோம், ஓரளவு கேட்கும்.

கழிப்பறை?

படகிலேயே கழிவுத் தொட்டி உண்டு. குடாவில் திறக்கக் கூடாது, நாமும் பக்கத்துப் படகுக்காரரும் அதே தண்ணீரில்தான் குளிக்கிறோம். துருக்கியில் கழிவை உறிஞ்சும் நிலையத்தில் கொடுத்து நீல அட்டையில் பதிய வேண்டும். கிரேக்கத்தில் அப்படிப்பட்ட நிலையங்கள் குறைவு என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

மீன் பிடிப்பீர்களா?

கொஞ்சம். இந்தக் கடலில் மீன் வளம் முன்புபோல இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கிழக்கு மத்தியதரையில் நீந்தும்போது ஓரா மீன் கூட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். சூயஸ் கால்வாய் 1869இல் திறந்தபின் செங்கடலிலிருந்து வந்து குடியேறியவை அவை. அதே வழியில் வந்தது வெள்ளிக் கன்னப் பேத்தை மீன். அதில் கொடிய நஞ்சு இருக்கிறது, சமைத்தாலும் போகாது. தூண்டிலில் வந்தால் தொடாமல் விட்டுவிடுங்கள். பல்லும் கம்பியை வெட்டும்.

பக்கத்துப் படகுக்காரர்களோடு சண்டை வராதா?

வரும், ஆகஸ்டில் இடம் நெருக்கும்போது. எழுதாத சட்டம் ஒன்று எல்லாக் கடலிலும் உண்டு: முதலில் வந்தவருக்கே இடம். பின்னால் வந்தவர் படகு முட்டும் என்று தெரிந்தால் பின்னால் வந்தவர்தான் தூக்க வேண்டும். நாங்கள் போடுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம், "எவ்வளவு சங்கிலி விட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுவோம். அவர் 40 மீட்டர் விட்டிருக்க நாம் 20 மட்டும் விட்டால் காற்று திரும்பும்போது இரண்டு படகும் வெவ்வேறு வட்டத்தில் சுழலும். இந்தக் கேள்வியிலேயே பாதி நட்பு தொடங்கிவிடும். இரவில் காற்று கூடும்போது நான்கைந்து படகுகளின் மேல்தளத்தில் டார்ச் வெளிச்சம் தெரியும். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, ஆனால் எல்லாரும் எல்லாருடைய படகையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விசா, அனுமதி?

எங்களிடம் இருப்பது பிரெஞ்சுக் கடவுச்சீட்டு, அதனால் நாங்கள் ஐரோப்பாவுக்குள் நாள் எண்ணுவதில்லை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், 180 நாளில் 90 நாள் மட்டும். ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, மால்டா, கிரேக்கம், 2023 முதல் குரோஷியா எல்லாம் ஒரே கணக்கில் சேரும். துருக்கி, அல்பேனியா, மான்டினீக்ரோ, துனிசியா வெளியே. அந்தப் பக்கம் போய் மிச்ச நாளைக் கழிப்பவர்கள் பலர். அங்கங்கே தனி விசா விதி உண்டு, கிளம்பும் முன் பாருங்கள். கிரேக்கத்தில் 7 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கு டெபாய் என்ற வரி கட்ட வேண்டும். படகை வாடகைக்கு எடுப்பதானால் ஓட்டுநர் சான்றிதழ் கேட்பார்கள். முதல் தடவை போகிறவர்கள் வாடகைப் படகில் ஒரு வாரம் அயோனியனில் போய்ப்பார்ப்பதே நல்லது. அங்கே தூரம் குறைவு, காற்றும் மதியத்துக்குப் பிறகுதான் எழும்.

குளிர்காலத்தில்?

அக்டோபர் கடைசியில் படகைத் தரையில் ஏற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். மே மாதம் மறுபடி இறக்குவோம்.

காலையில் கிளம்பும்போது நங்கூரம் மேலே வராவிட்டால்?

வராமல் போவது உண்டு. பாறை இடுக்கில் சிக்கியிருக்கலாம், பெரும்பாலும் இன்னொருவரின் சங்கிலிக்கு அடியில் மாட்டியிருக்கும். சங்கிலியைத் தூக்கும் மோட்டாரை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், எரிந்துவிடும். மெல்லத் தூக்கினால் நம் நங்கூரத்தின்மேல் குறுக்கே அடுத்தவர் சங்கிலி தொங்குவது தெரியும். ஒரு கயிற்றின் ஒரு முனையைப் படகில் கட்டி, மறுமுனையை அந்தச் சங்கிலிக்கு அடியில் விட்டு வாங்கி, இறுக்கிக் கட்டுங்கள். இப்போது அந்தச் சங்கிலியின் கனம் கயிற்றில் நிற்கும். நம் நங்கூரத்தை ஒரு மீட்டர் கீழே இறக்கினால் அது தானாக விலகி வெளியே வரும். பிறகு கயிற்றின் ஒரு முனையை விட்டால் அவர் சங்கிலி தன் இடத்துக்குப் போய்விடும். அந்தப் படகுக்காரர் மேல்தளத்தில் நின்று கவலையோடு பார்த்துக்கொண்டிருப்பார். அவர் நங்கூரம் இன்னும் பிடித்திருக்கிறதா என்று அவர் பார்த்துக் கையசைக்கும்வரை ஐந்து நிமிடம் அங்கேயே காத்திருங்கள். அதற்குள் உங்கள் சங்கிலியில் ஒட்டிய சேற்றை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி முடித்துவிடலாம்.